ஸ்கேன் நார்மல், ஆனாலும் தலைக்காயம்: சிகிச்சைக்கும் வழக்குக்கும் பதிவு செய்யும் முறை

தலையில் அடிபட்டவர் மூன்று மாதம் கழித்து வந்து, "தலைவலி போகவில்லை, படித்தது மனதில் நிற்கவில்லை" என்கிறார். மருத்துவரும் சரி, வக்கீலும் சரி, முதலில் தேடுவது அடிபட்ட அன்று எழுதிய கேஸ் ஷீட்டைத்தான். லேசான மூளைக்காயம் என்ற முடிவு இன்றைய தலைவலியை வைத்து எடுப்பதல்ல. ஸ்கேனை மட்டும் வைத்து எடுப்பதும் அல்ல. அடிபட்ட நேரத்தில் மூளையின் வேலை தடுமாறியதா என்பதுதான் கேள்வி. அந்தத் தடுமாற்றம் சில நிமிடங்களிலோ மணிகளிலோ மறைந்துவிடும். பார்த்தவர் எழுதி வைக்காவிட்டால் பிறகு அதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதுதான்.

இந்தக் கட்டுரை அடிபட்டவர், குடும்பத்தார், முதலில் பார்க்கும் மருத்துவர், வழக்கை எடுக்கும் வக்கீல் ஆகிய நால்வருக்குமானது. சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே சொல்வது பெரும்பாலான சிவில் வழக்குகளுக்குப் பொதுவான அடிப்படை.

முதல் 24 மணி நேரம்

பதிவெல்லாம் அப்புறம், உயிர் முதலில். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், குழப்பம் அதிகரிப்பது, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, மூக்கு அல்லது காது வழியாகத் தெளிந்த நீரோ ரத்தமோ வடிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர், இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் போய்க் காட்டிவிட வேண்டும்.

யாருக்கு சி.டி. எடுப்பது என்பதற்குப் பல நாடுகளில் விதிமுறைகள் உண்டு. 2001-இல் வெளியான கனடா சி.டி. விதி அவற்றில் பரவலாகப் பயன்படுவது. நினைவு தப்பியோ (அதாவது மயங்கியோ), நிகழ்ந்தது மறந்தோ, குழம்பியோ இருந்து, கோமா ஸ்கேல் என்ற விழிப்புநிலை மதிப்பெண் (முழு மதிப்பெண் 15) 13 முதல் 15 வரை உள்ளவர்களுக்கான விதி அது. அடிபட்டு 2 மணி நேரமாகியும் மதிப்பெண் 15-ஐத் தொடவில்லை, மண்டையோட்டு முறிவுச் சந்தேகம், 2 முறை அல்லது அதற்கு மேல் வாந்தி, வயது 65 அல்லது அதற்கு மேல் என்றால் சி.டி. எடுக்கச் சொல்கிறது. அடிக்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ மறந்திருந்தாலும், 3 அடி உயரத்துக்கு மேலிருந்தோ 5 படிக்கட்டிலிருந்தோ விழுந்திருந்தாலும், நடந்து போகும்போது வாகனம் மோதியிருந்தாலும், வாகனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டிருந்தாலும் எடுக்கலாம் என்கிறது. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களையும் 16 வயதுக்குக் குறைந்தவர்களையும் வைத்து இந்த விதி உருவாகவில்லை, அவர்களிடம் இதைப் பொருத்திப் பார்த்து "சி.டி. தேவையில்லை" என்று முடிவு கட்டக்கூடாது.

வீட்டுக்கு அனுப்பிவிட்டால் முதல் நாள் யாராவது உடன் இருக்க வேண்டும். மருத்துவர் பார்த்து அனுப்பியவர் தூங்கலாம். அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்பது பழைய பயம். எழுப்பினால் வழக்கம்போல விழித்துப் பேசுகிறாரா என்பதுதான் விஷயம். மது வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். ரத்தக்கசிவு இல்லையென்று உறுதியாகும் வரை வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகைகளை விட்டுவிட்டு பாரசிட்டமால் எடுப்பது நல்லது.

எது லேசானது

கிளாஸ்கோ கோமா ஸ்கேல் 1974-இல் டீஸ்டேலும் ஜெனெட்டும் வெளியிட்டது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. அமெரிக்க மறுவாழ்வு மருத்துவ அமைப்பு 1993-இல் வகுத்த வரையறைதான் நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது. 2023-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1993 வரையறைப்படி, நினைவு தப்புதல், அடியை ஒட்டிய நினைவிழப்பு, திகைப்பு அல்லது குழப்பம், நரம்புக் குறைபாடு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். கூடவே, நினைவு தப்பியது 30 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, அடிக்குப் பிந்தைய நினைவிழப்பு 24 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 30 நிமிடம் கழித்துப் பார்த்த மதிப்பெண் 13 முதல் 15 வரை இருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒன்று, நினைவு தப்பவில்லையென்றால் மூளைக்காயம் இல்லை என்று நினைப்பது. நினைவு தப்பாமலே மூளை அதிர்ச்சி ஏற்படும். தலை எதிலும் மோதாமல் வேகமாக முன்னும் பின்னும் ஆட்டப்பட்டாலும் ஏற்படும். இன்னொன்று, 15 என்றால் முழு நலம் என்று நினைப்பது. பேச்சுப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்க பெயர், இடம், நாள் சொன்னால் போதும். அதைச் சரியாகச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் முன்பு பேசியதை அடியோடு மறந்திருக்கும் நோயாளிகள் உண்டு. வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் கையிலெடுப்பது இந்த 15-ஐத்தான். அதனால் மருத்துவர் வெறும் மொத்த எண்ணை எழுதாமல், "கண் 4, பேச்சு 4, அசைவு 6, நேரம் 7:40, மது வாசனை இல்லை, கேட்டதையே மூன்று முறை கேட்டார்" என்று பிரித்து எழுதினால் பிற்பாடு யாருக்கும் ஐயம் வராது. மது, மயக்க மருந்து, வலிக்குக் கொடுத்த மார்ஃபின் எல்லாமே மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடியவை. எது எப்போது உள்ளே போனது என்ற நேரம் தாளில் இருக்க வேண்டும்.

'லேசான' என்ற சொல் அடிபட்ட நேரத்து நிலையை மட்டுமே குறிக்கிறது. பின்விளைவும் லேசாகத்தான் இருக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலானோர் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள், தேறிவிடுகிறார்கள். ஒரு சிறு பகுதியினர் தேறுவதில்லை. வழக்குக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்தச் சிறு பகுதியிலிருந்துதான் வருகிறார்கள்.

நினைவு இடைவெளியைக் கேட்கும் விதம்

பதிவிலேயே மிக முக்கியமான பகுதி இது. மிக மோசமாக எழுதப்படுவதும் இதுதான். "மயக்கம் வந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார். ஆனால் தான் மயங்கிக் கிடந்ததை எவராலும் நினைவுகூர முடியாது. அவருக்குத் தெரிவது ஒரு இடைவெளி மட்டுமே. அந்த நேரத்தில் அவர் மயங்கிக் கிடந்திருக்கலாம். கண்ணைத் திறந்துகொண்டு நடந்து, பேசி, வீட்டு எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பிறகு எல்லாவற்றையும் மறந்தும் இருக்கலாம். மயங்கினாரா என்பதைப் பார்த்தவரிடம் கேட்க வேண்டும். நினைவிழப்பை அவரிடமே கேட்க வேண்டும், இந்த வரிசையில்:

1. அடிபடுவதற்கு முன் கடைசியாக உங்களுக்கு நினைவிருப்பது என்ன?
2. அடிபட்ட அந்தக் கணம் நினைவிருக்கிறதா?
3. அதற்குப் பிறகு முதலில் நினைவுக்கு வருவது எது?
4. எப்போதிலிருந்து இடையில் விடாமல் தொடர்ச்சியாக நினைவிருக்கிறது?
5. இப்போது சொன்னதெல்லாம் உங்களுக்கே நினைவிருப்பதா, பிறர் சொல்லித் தெரிந்ததா?

மூன்றாவது கேள்வியும் நான்காவதும் வேறு வேறு. ஆம்புலன்ஸ் விளக்கு மட்டும் நினைவிருக்கும். பிறகு ஒரு மணி நேரம் வெறுமை. பிறகு ஸ்கேன் அறை. இப்படித் தீவு தீவாக நினைவு இருப்பது சகஜம். நினைவிழப்பு முடிந்ததாகக் கணக்கிடுவது முதல் தீவிலிருந்து அல்ல, நினைவு தொடர்ச்சியாகத் திரும்பிய நேரத்திலிருந்து. ஐந்தாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால், குடும்பத்தார் சொன்ன கதை ஒரு வாரத்தில் அவருடைய சொந்த நினைவாகவே மாறிவிடும்; ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் விபத்தை நிமிடவாரியாக விவரிப்பார், நினைவிழப்பு இருந்தது என்ற வாதம் அங்கேயே நொறுங்கும்.

இதே பகுதியில் குறுக்கு விசாரணையில் அடிக்கடி எழும் வாதம்: "விபத்து நடந்த இடத்தில் காவலரிடம் தெளிவாகப் பேசியிருக்கிறாரே?" பேச முடிவதும், பேசியதை மூளை பதிந்து வைத்துக்கொள்வதும் வேறு வேறு வேலைகள். இந்த வித்தியாசத்தை நீதிபதிக்குப் புரியும்படி நிபுணர் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். காவலர் குறிப்பில் அவர் என்ன பேசினார் என்பதும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டிருந்தால் அதுவே குழப்பத்துக்குச் சாட்சி.

ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சி.டி. எடுப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் கண்டுபிடிக்க. அறுவை சிகிச்சை தேவையா என்பதுதான் அது பதில் சொல்லும் கேள்வி. லேசான காயத்தில் நடப்பது பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தப்பும் அளவிலானது: நரம்பிழைகள் இழுபடுகின்றன, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறி கால்சியம் உள்ளே பாய்கிறது, அதைச் சரிசெய்ய மூளைக்கு ஆற்றல் அதிகம் தேவைப்படும் நேரத்தில் கிடைப்பது குறைகிறது. இதனால் "சி.டி. நார்மல்" என்பது "காயம் இல்லை" என்று ஆகிவிடாது. அதே நேரம், நார்மல் ஸ்கேன் காயத்துக்கு ஆதாரமும் ஆகாது. இந்த இரண்டாம் பாதியைச் சில வக்கீல்கள் மறந்துவிடுகிறார்கள். சி.டி.யில் சிறு கசிவாவது தெரிந்தால், மதிப்பெண் 15 இருந்தாலும், சிக்கல் கூடிய லேசான காயம் என்று தனியாக வகைப்படுத்துவார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற முறை, சி.டி.யில் தெரியாத நுண்ணிய ரத்தக்கசிவுகளைக் காட்டக்கூடியது. அறிகுறி நீடித்தால் சாதாரண எம்.ஆர்.ஐ.யோடு அதையும் சேர்த்து எடுக்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம். ஆனால் நுண்கசிவு உயர் ரத்த அழுத்தத்தாலும் வயதாலும் கூட வரும். இடமும் வயதும் பொருந்துகின்றனவா என்று ரேடியாலஜிஸ்ட் சொல்ல வேண்டும்.

நரம்பிழைப் பாதைகளை வண்ணத்தில் காட்டும் டி.டி.ஐ. படம் நீதிமன்றத்தில் கண்ணைப் பறிக்கும். ஆய்வுகளில் காயப்பட்டவர் குழுவுக்கும் படாதவர் குழுவுக்கும் வித்தியாசம் காட்டுவது ஒன்று; இந்த ஒருவருக்கு, இந்த விபத்தால், இந்த மாற்றம் வந்தது என்று சொல்வது வேறொன்று. ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு, மது, வயது, ஸ்கேன் எந்திரத்தின் வகை எல்லாமே அந்த எண்களை அசைக்கும். அமெரிக்க நீதிமன்றங்களில் 1993-இன் டாபர்ட் தீர்ப்புக்குப் பிறகு, ஒரு முறை சோதித்துப் பார்க்கக்கூடியதா, அதன் பிழை விகிதம் என்ன, துறைக்குள் ஏற்கப்பட்டதா என்றெல்லாம் நீதிபதி கேட்கிறார், டி.டி.ஐ. அங்கே ஏற்கப்பட்டும் இருக்கிறது, தள்ளப்பட்டும் இருக்கிறது. வழக்கின் முதுகெலும்பாக இதை வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

ரத்தப் பரிசோதனையும் இப்போது உண்டு. ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.-எல்1 என்ற இரண்டு புரதங்களை அளப்பதை 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அன்று அனுமதித்த சோதனையை அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், சி.டி. தேவையா என்று முடிவு செய்ய உதவும். மூளை அதிர்ச்சி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் சோதனை அல்ல.

முதல் வாரங்களும் குறிப்பேடும்

24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. பிறகு மெல்ல மெல்ல நடை, வீட்டு வேலை, அரை நாள் வேலை. அறிகுறி சற்றே கூடினால் பரவாயில்லை. நன்றாகக் கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருப்பது தேறுவதைத் தாமதமாக்கும். விளையாட்டு வீரர்கள் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும், படிக்குக் குறைந்தது ஒரு நாள்; மருத்துவர் அனுமதிக்காமல் மீண்டும் அடிபடக்கூடிய ஆட்டத்துக்குள் இறங்கக்கூடாது.

அறிகுறி நீடித்தால், எல்லாவற்றையும் மூளை மேல் போடாமல் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். படுக்கையில் திரும்பும்போது சில நொடி தலை சுற்றுகிறதா? உள்காதில் துகள் நகர்ந்ததால் இருக்கலாம். எப்லி முறையில் தலையைத் திருப்பிச் செய்யும் சிகிச்சையில் பலருக்கு ஒன்றிரண்டு அமர்விலேயே சரியாகும். தலைவலி பிடரியிலிருந்து ஏறுகிறதா? கழுத்தைப் பார்க்க வேண்டும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை எடுக்கிறாரா? அப்படி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகலாம். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு மூன்றும் மறதியையும் கவனக்குறைவையும் அப்படியே உண்டாக்கும்; மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.

குறிப்பேடு முதல் நாளே தொடங்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். "தாங்க முடியாத தலைவலி" என்று தினமும் எழுதுவது யாருக்கும் உதவாது. இப்படி எழுதினால் உதவும்: "செவ்வாய். கணக்கு சரிபார்க்கும் வேலை 25 நிமிடம். பிறகு எழுத்து மங்கியது, தலைவலி 10-க்கு 6. ஒரு மணி நேரம் படுத்தபின் 3. மாலை நடை 20 நிமிடம், பிரச்சினை இல்லை." நல்ல நாட்களையும் எழுதுங்கள். எல்லா நாளும் ஒரே மாதிரி மோசம் என்று சொல்லும் குறிப்பேட்டை மருத்துவரும் நம்ப மாட்டார், நீதிபதியும் நம்ப மாட்டார். ரிவர்மீட் வினாத்தாளின் 16 அறிகுறிகளை மாதம் ஒரு முறை 0 முதல் 4 வரை குறித்து வைத்தால் மாற்றம் ஒரே பார்வையில் தெரியும்.

வழக்கில் நிரூபிக்க வேண்டியது

மூன்று விஷயங்கள்: காயம் ஏற்பட்டது, இன்றைய குறைபாட்டுக்கு அந்தக் காயம் காரணம், அதனால் இன்ன இழப்பு. சிவில் வழக்கில் பொதுவாகக் கேட்கப்படுவது முழு உறுதி அல்ல. இல்லை என்பதைவிட உண்டு என்பதற்கே வாய்ப்பு அதிகமா என்பதுதான். ஆய்வு எழுதிப் பழகிய மருத்துவருக்கு இது ஒட்டாது. "ஒத்துப்போகிறது" என்று அவர் அறிக்கையில் எழுதுவார். மனதில் நினைப்பது ஏறக்குறைய நிச்சயம் என்று. நீதிமன்றம் அதை "சாத்தியம், அவ்வளவுதான்" என்று படிக்கும். அதனால் வக்கீல் நிபுணரிடம் நேரடியாகவே கேட்க வேண்டும்: இந்த விபத்து நடக்காதிருந்தால் இவருக்கு இன்று இந்தக் குறைபாடு இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஏன்?

காரணத் தொடர்பில் காலவரிசைதான் எல்லாம். மூளைக்காயம் தொடக்கத்தில் மோசமாக இருந்து பிறகு மெல்லத் தேறும். சில அறிகுறிகள் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தலைகாட்டலாம். தலைவலியைக் காயத்தோடு இணைக்க, அது 7 நாளுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்று சர்வதேசத் தலைவலி வகைப்பாடு கெடு வைத்திருக்கிறது. நான்காம் மாதம் முதல்முறையாக மறதி பற்றிச் சொல்லி, எட்டாம் மாதம் அது இன்னும் மோசமானால் வேறு காரணம் தேட வேண்டும். வயதானவரென்றால் மூளை உறைக்கு அடியில் மெதுவாகச் சேரும் சப்டூரல் ரத்தக்கட்டு என்று அது உயிர்ப்பிரச்சினையாகவும் இருக்கலாம்.

முன்பே ஒற்றைத் தலைவலியோ மனச்சோர்வோ பழைய தலைக்காயமோ இருந்ததை மறைப்பது போல, வழக்கில் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும் காரியம் வேறில்லை. பழைய மருத்துவப் பதிவுகள் எதிர்த்தரப்பின் கைக்கு எப்படியும் போகும். ஆங்கிலேயச் சட்டமரபைப் பின்பற்றும் நாடுகளில், தீங்கு செய்தவர் பாதிக்கப்பட்டவரை இருந்தபடியே ஏற்க வேண்டும் என்ற விதி உண்டு: மற்றவருக்கு ஒன்றும் ஆகாத அடி, ஏற்கெனவே பலவீனமானவருக்குப் பெரும் பாதிப்பைத் தந்தால் அந்தப் பாதிப்புக்கும் பொறுப்பு உண்டு. ஆக, பழைய நோயைச் சொல்வது வழக்கைக் கெடுப்பதில்லை. மறைத்து மாட்டிக்கொள்வதுதான் கெடுக்கிறது. அடிபட்டவர்கள் தங்கள் பழைய வாழ்க்கையை இருந்ததைவிட நன்றாக நினைவுகூர்வது ஆய்வுகளில் பலமுறை கண்ட விஷயம். "முன்பு எனக்குத் தலைவலியே வந்ததில்லை" என்று சத்தியம் செய்யும் முன் பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்துவிட வேண்டும்.

ஆதாரத்தில் தவறவிடக்கூடாதவை: ஆம்புலன்ஸ் குறிப்பு (மருத்துவமனைத் தாளில் இல்லாத ஆரம்ப நேர மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்), சி.சி.டி.வி. பதிவு (பல இடங்களில் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும், உடனே எழுத்துமூலம் கேளுங்கள்), ஹெல்மெட் (கழுவாமல், தூக்கிப் போடாமல் வையுங்கள், எந்தப் பக்கம் எவ்வளவு நசுங்கியது என்பதே ஒரு சாட்சி), முதலில் ஓடி வந்தவர்களின் பெயர். அடுத்தது முன்–பின் ஒப்பீடு: விபத்துக்கு முந்தைய பணி மதிப்பீடுகள், தேர்வு மதிப்பெண்கள், மின்னஞ்சலில் வேலை முடித்த வேகம். மனைவி, கணவர் சாட்சியத்தைவிட, வழக்கில் பைசா லாபம் இல்லாத மேலாளரோ ஆசிரியரோ சொல்வது அதிகம் எடுபடும்.

சமூக ஊடகம் பற்றி ஒரே வரி: திருமண வரவேற்பில் சிரித்த முகத்தோடு நின்ற புகைப்படம், மறுநாள் முழுக்க இருட்டில் படுத்திருந்ததைச் சொல்லாது, குறிப்பேடு சொல்லும். வழக்கு தொடங்கிய பிறகு பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். ஆதாரத்தை அழித்ததாகக் குற்றச்சாட்டு வரும்.

நினைவாற்றல் சோதனைகள்

அறிகுறி மூன்று மாதத்தைத் தாண்டினால் நியூரோசைக்காலஜிஸ்ட் (நினைவு, கவனம் போன்ற மூளை வேலைகளை அளக்கும் உளவியல் நிபுணர்) பல மணி நேரம் சோதிப்பார். இடையிடையே, முயற்சி உண்மையானதா என்று பார்க்கும் சோதனைகளும் இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சோதனையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாகும். பாதியைவிடக் கணிசமாகக் குறைந்தால், சரியான விடை தெரிந்தே தவறாகச் சொன்னார் என்பதே இயல்பான விளக்கம். குறைந்தபட்ச வரம்பைத் தொடவில்லை, ஆனால் பாதிக்கும் மேல் என்றால் அது நடிப்பு என்று ஆகிவிடாது. ஆனால் மற்ற மதிப்பெண்களையும் நம்பிப் படிக்க முடியாமல் போகும். வழக்குக்கு அது கிட்டத்தட்ட அதே அளவு சேதம்.

போகும் முன் செய்ய வேண்டியவை எளியவை: நன்றாகத் தூங்குங்கள், வழக்கமான மருந்தைத் தவறவிடாதீர்கள், கண்ணாடி எடுத்துச் செல்லுங்கள், முந்தைய சோதனைகள் இருந்தால் சொல்லுங்கள் (அதே சோதனையை விரைவில் திரும்பச் செய்தால் பழக்கத்தால் மதிப்பெண் கூடும்), உங்களுக்கு இயல்பான மொழியில் சோதிக்கச் சொல்லுங்கள். வேறு மொழியில், வேறு கல்விநிலை ஆட்களை வைத்து வகுத்த அளவுகோலால் அளந்தால் நல்ல மூளையும் பழுதாகத் தெரியும். சோதனைகளைப் பற்றி முன்கூட்டித் தேடிப் படிக்க வேண்டாம், வக்கீலும் சொல்லிக்கொடுக்கக்கூடாது.

நிபுணர் அறிக்கையில் நடந்தவை, நோயாளி சொன்னவை, பரிசோதனையில் கண்டவை, கருத்து, அதற்கான காரணம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். கருத்துக்கு எதிரான தகவலையும் எழுதி ஏன் அது முடிவை மாற்றவில்லை என்று சொல்லும் அறிக்கைதான் குறுக்கு விசாரணையில் நிற்கும். மீதிக் குறை கழுத்தாலோ மனச்சோர்வாலோ வருகிறது என்று தெரிந்தால் அப்படியே எழுத வேண்டும். அதுவும் அதே விபத்தால் வந்ததென்றால் இழப்பீடு கேட்கலாமே. எல்லாவற்றையும் மூளைக்காயம் என்று பிடிவாதம் பிடித்து, மூளைப் பகுதி தோற்றதும் மீதியையும் சேர்த்து இழந்த வழக்குகள் ஏராளம்.

சமரசத்துக்கு அவசரப்பட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் பெரும்பாலோர் தேறுவார்கள் என்பதால் காப்பீட்டுத் தரப்பு அப்போதே ஒரு சிறு தொகை சொல்லும். முழுத் தீர்வு என்று கையெழுத்திட்டால் பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது. நிலை ஓரளவு நிலைத்து, முழுநேர வேலைக்கு ஒரு முறையாவது திரும்பிப் பார்த்த பிறகே எதிர்கால வருமான இழப்பைக் கணக்கிட முடியும். அதற்காக வழக்குத் தொடரும் காலவரம்பைத் தவறவிடக்கூடாது. அந்தக் கடைசித் தேதியை வக்கீல் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். மறதி இருப்பவரின் நினைவை நம்பாமல் குடும்பத்தில் இன்னொருவர் கையிலும் அதன் நகல் இருக்க வேண்டும்.